துருக்கியை ஏன் சேர்க்கவில்லை? மதத்தையும் அரசியலையும் பிரித்துப் படிக்கச் சொல்லித்தரும் முறை

துருக்கி 1987 ஏப்ரலில் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில், அதாவது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தில், முழு உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுத்தது. அதற்குப் பிறகு விண்ணப்பித்த போலந்து, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, குரோஷியா எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. துருக்கி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. ஏன் என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "முஸ்லிம் நாடு, அதனால் சேர்க்கவில்லை" என்பது ஒன்று. "அங்கே ஜனநாயகம் சரியில்லை, மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்து மார்க் வாங்கிவிடலாம். ஆனால் அதே பழக்கத்தில் நம் ஊர்ச் செய்தியையும் பாதியாகவே படிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் கவலை அதுதான்.

நான் கிருஷ்ணகிரியில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாசிப்பு வட்டமும் நடத்துகிறேன். காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, சூளகிரி என்று பல பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். குரூப் 1 எழுதுகிறவர்கள் உண்டு, கல்லூரியில் படிக்கிறவர்களும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அப்படி ஓர் அறையில் இந்தத் தலைப்பை எடுக்கக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். தர்மபுரியிலோ அரூரிலோ ஓசூரிலோ இதுபோல் வட்டம் நடத்துகிறவர்களுக்காக, நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

சுவரில் மாட்டுகிற பெரிய வரைபடம் ஒன்று வேண்டும். செல்போன் திரை போதாது. பிள்ளைகள் எழுந்து வந்து விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இஸ்தான்புல் நகரம் பாஸ்பரஸ் நீரிணையின் இரண்டு கரையிலும் இருப்பதைக் காட்டுங்கள். துருக்கியின் நிலத்தில் சுமார் 3 சதவீதம்தான் ஐரோப்பியக் கரையில் இருக்கிறது என்றதும், "அப்போ அது ஆசியா நாடுதானே, பேச்சு முடிஞ்சுது" என்று ஒருவராவது சொல்வார். உடனே மறுக்க வேண்டாம். சைப்ரஸ் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். துருக்கியின் தென்கரைக்குக் கீழே, சிரியாவுக்கும் லெபனானுக்கும் எதிரே கிடக்கும் தீவு. அது 2004 முதல் ஒன்றியத்தில் உறுப்பினர். இதைச் சொன்னதும் அறையே மறுபடி வரைபடத்தைப் பார்க்கும்.

நிலவியல் ஒரு காரணமாக எங்கே நின்றது என்பதையும் சொல்லிவிடுங்கள். 1987-இலேயே மொராக்கோவும் விண்ணப்பித்தது. ஐரோப்பிய நாடு இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். துருக்கிக்கு அப்படிச் சொல்லவில்லை. துருக்கி 1949-இல் ஐரோப்பிய அவையில் (இது ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பு) சேர்ந்துவிட்டது. 1952-இல் நேட்டோவில் சேர்ந்தது. 1963 செப்டம்பரில் அங்காராவில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அன்றைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன் துருக்கி ஐரோப்பாவின் பகுதி என்று மேடையிலேயே சொன்னார். 1999-இல் ஹெல்சின்கி மாநாட்டில் வேட்பாளர் நாடு என்ற தகுதியும் கொடுத்தார்கள். ஆக, தகுதி உண்டா என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் எழுதியாகிவிட்டது. பின்னால் யாராவது ஐரோப்பிய நாடே இல்லை என்று பேசினால், ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததற்கு எதிராகப் பேசுகிறார் என்று பொருள். இதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, ஒரே பக்கத்தில் விதிகள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49-ஆம் பிரிவு: ஒன்றியத்தின் விழுமியங்களை மதிக்கும் எந்த ஐரோப்பிய நாடும் விண்ணப்பிக்கலாம்; உறுப்பு நாடுகளின் மன்றம் ஒருமனதாக ஏற்க வேண்டும்; ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும்; கடைசியில் ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். கூடவே 1993-இல் கோபன்ஹேகனில் வகுத்த அளவுகோல்கள்: நிலையான ஜனநாயக அமைப்புகள், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு, இயங்கும் சந்தைப் பொருளாதாரம், உறுப்பினர் கடமைகளை ஏற்கும் திறன். புதியவரைத் தாங்கும் சக்தி ஒன்றியத்துக்கு இருக்கிறதா என்பதையும் அங்கே ஒரு கருத்தாகச் சேர்த்தார்கள்.

இந்தத் தாளைக் கொடுத்து, மதம் வருகிற இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். யார் தாளிலும் கோடு விழாது. அப்புறம் இதைச் சொல்லுங்கள்: 2003, 2004-இல் ஐரோப்பிய அரசியலமைப்பு வரைவு எழுதும்போது முகவுரையில் கிறித்தவத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று போலந்து, இத்தாலி போன்ற நாடுகள் கேட்டன. பிரான்ஸ் எதிர்த்தது. கடைசியில் பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு என்று பொதுவாக எழுதி முடித்தார்கள். விதியில் மதம் இல்லை; ஆனால் விதி எழுதிய மேசையில் மதத்தைப் பற்றிப் பேசினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

கிலாபத்திலிருந்து தொடங்குங்கள்

நம் பிள்ளைகளுக்குத் துருக்கி முதலில் அறிமுகமாவது பள்ளிப் பாடத்தில், கிலாபத் இயக்கத்தில்தான். அலி சகோதரர்கள், காந்தி, ஒத்துழையாமை எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அது எப்படி முடிந்தது என்று கேளுங்கள். 1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றமே கலீபா பதவியை ஒழித்தது. 1928-இல் அரசின் மதம் இஸ்லாம் என்ற வரியை அரசியலமைப்பிலிருந்து எடுத்தார்கள். 1934-இல் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்தது. பிரான்ஸ் பெண்கள் அதே உரிமைக்கு 1944 வரை காத்திருந்தார்கள். இங்கே வந்ததும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு வேறு, மதச் சட்டத்தில் நடக்கும் நாடு வேறு என்பதை நீட்டிப் பேசாமலே புரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. அந்த மதச்சார்பின்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. இமாம்களுக்குச் சம்பளம் கொடுத்து மசூதிகளை நிர்வகிக்கும் அரசுத் துறையும் அதே 1924-இல்தான் பிறந்தது. முஸ்லிம்களிலேயே சிறுபான்மைப் பிரிவினரான அலெவிகளின் வழிபாட்டு இடங்களுக்கு மசூதிக்குச் சமமான அங்கீகாரம் கிடைக்கவில்லை. கிரேக்க மரபுத் திருச்சபையின் ஹால்கி இறையியல் கல்லூரி 1971-இல் மூடப்பட்டது. ஆண்டுதோறும் ஐரோப்பிய ஆணையம் எழுதும் அறிக்கையில் மதம் வருவது இந்த இடங்களில்தான். நீங்கள் என்ன மதம் என்று கேட்பதில்லை, உங்கள் நாட்டுச் சிறுபான்மையினரை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கிறது. இது நியாயமான கேள்வி. எந்த நாட்டையும் கேட்கலாம்.

யார் கையில் கையெழுத்து

கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப் போனவர்களுக்கு இது உடனே புரியும். எல்லாப் பங்காளியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். பெங்களூரில் இருக்கிற ஒருவர் வரமாட்டேன் என்றால் காரியம் அங்கேயே நின்றுவிடும். அவர் சொல்கிற காரணம் ஒன்றாகவும் மனசில் இருப்பது வேறாகவும் இருக்கலாம். ஒன்றியத்தில் அப்படி 27 பேர். துருக்கியோடு பேச்சு தொடங்கியபோது 25.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன கையோடு, முஸ்லிம் சம்பந்தமே இல்லாத மறுப்புகளைக் காட்டுங்கள். 1963-இலும் 1967-இலும் பிரிட்டனையே உள்ளே விடவில்லை பிரான்சின் அதிபர் டி கால். 2008-இல் ஸ்லோவேனியா கடல் எல்லைச் சண்டைக்காகக் குரோஷியாவின் பேச்சுவார்த்தையை முடக்கியது. இரண்டுமே கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். மாசிடோனியா பெயரை மாற்றும்வரை கிரீஸ் விடவில்லை. 2019-இல் வடக்கு மாசிடோனியா என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்ததும், மொழியையும் வரலாற்றையும் சொல்லி 2020-இல் பல்கேரியா தடுத்தது. இந்த மூன்று நாடுகளிலும் பெரும்பான்மையினர் ஒரே கிழக்கத்திய மரபுக் கிறித்தவம்தான். ஆக, தடுத்தாலே மதவெறி என்று முடிவு கட்ட முடியாது. மறுப்பு என்பது பேரம் பேசுவதற்கான கருவியும்தான்.

இதற்கு அப்புறம்தான் துருக்கிக்கு வர வேண்டும். வரிசையை மாற்றினால் அறை இரண்டாகப் பிரிந்துவிடும்.

இரண்டு சீட்டு முறை

சார்ட் பேப்பரை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். ஒரு பக்கம் "எழுதியது", மறுபக்கம் "பேசியது". ஆளுக்கு ஒரு நாடு கொடுங்கள்: பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, கிரீஸ், சைப்ரஸ், பிரிட்டன். ஆள் அதிகம் இருந்தால் ஒரு நாட்டுக்கு இரண்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. அந்த நாடு மன்றத்தில் அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம் ஒன்றில்; அதன் தலைவர்கள் சொந்த ஊர் வாக்காளர்களிடம் சொன்ன காரணம் இன்னொன்றில். வீட்டில் தேடிப் படித்து எழுதி வர ஒரு வாரம் கொடுங்கள். ஆண்டு இல்லாத சீட்டைச் சார்ட்டில் ஒட்டக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"பேசியது" பக்கம் சீக்கிரம் நிரம்பும். 1997 மார்ச்சில் ஐரோப்பியக் கிறித்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடி, ஐரோப்பிய நாகரிகத் திட்டத்தில் துருக்கிக்கு இடமில்லை என்ற பொருளில் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பர்க் மாநாடு துருக்கியை வேட்பாளர் பட்டியலில் சேர்க்கவில்லை. 2002 நவம்பரில், ஐரோப்பிய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக இருந்த முன்னாள் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் டெஸ்தாங், துருக்கி ஐரோப்பிய நாடே இல்லை, சேர்த்தால் ஐரோப்பாவே முடிந்தது என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். 2004-இல் கர்தினால் ராட்சிங்கர், துருக்கி வேறொரு கண்டத்தைச் சேர்ந்தது என்று எதிர்ப்புச் சொன்னார். அவரே போப் பதினாறாம் பெனடிக்ட் ஆகி 2006 நவம்பரில் அங்காராவுக்குப் போனபோது, தம்மிடம் ஆதரவாகப் பேசினார் என்று அன்றைய துருக்கிப் பிரதமர் எர்டோகன் நிருபர்களிடம் சொன்னார். ஒரே மனிதர், இரண்டு பதவி, இரண்டு ஆண்டு. இந்தச் சீட்டை ஒட்டும் பிள்ளையை வகுப்பின் முன் கொஞ்சம் பேச விடுங்கள். மதம் சம்பந்தப்பட்டவர்கூட இடத்துக்கேற்ப அரசியல் பேச வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.

ஆஸ்திரியா சீட்டு எடுத்தவருக்கு துருக்கியின் ஒட்டோமான் படை நடத்திய 1529, 1683 என்று இரண்டு வியன்னா முற்றுகைகளும் கிடைக்கும். அதை மட்டும் எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்து, 2005 அக்டோபரில் என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். முழு உறுப்பினர் தகுதிக்கு மாற்றாக ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆஸ்திரியா கடைசி நிமிடம் வரை பிடிவாதம் பிடித்தது. அண்டை நாடான குரோஷியாவோடும் பேச்சு தொடங்க அது ஆசைப்பட்டது. அக்டோபர் 3 அன்று இரண்டு நாடுகளோடும் பேச்சு தொடங்கியது. முந்நூறு வருடத்துப் பழைய முற்றுகை மேடைக்கு நன்றாகத்தான் இருக்கும். மேசையில் பேசப்பட்டது குரோஷியா.

ஜெர்மனி சீட்டில் 1961 அக்டோபரின் தொழிலாளர் ஒப்பந்தம் வர வேண்டும். துருக்கியிலிருந்து ஆலை வேலைக்குப் போனவர்கள் அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். அதனால் துருக்கி என்றாலே ஜெர்மானிய வாக்காளர் மனசில் வெளிநாட்டுக் கொள்கை வருவதில்லை, பக்கத்துத் தெருதான் வருகிறது. ஏங்கலா மெர்க்கல் முழு உறுப்பினர் தகுதி வேண்டாம், சிறப்புக் கூட்டாளி நிலை போதும் என்றார். பிரான்ஸில் 2005-இல், இனிமேல் புதிதாக யாரைச் சேர்ப்பதென்றாலும் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பையே திருத்தினார்கள். 2007 தேர்தலில் துருக்கி வேண்டாம் என்று பேசி ஜெயித்த சர்கோசி, பதவிக்கு வந்து 5 அத்தியாயங்களை (சேர்க்கைப் பேச்சுவார்த்தையைப் பிரித்து நடத்தும் தலைப்புகள்) நிறுத்திவைத்தார். பிரிட்டன் சீட்டு இன்னும் வியப்பானது. துருக்கியைச் சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகள் முன்னால் நின்று பேசிய நாடு. 2016-இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னவர்கள், துருக்கி சேரப்போகிறது என்று சுவரொட்டி அடித்து வாக்குக் கேட்டார்கள். அப்போது துருக்கி சேருவதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

எண்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும், மறந்துவிடாதீர்கள். துருக்கியின் மக்கள்தொகை சுமார் எட்டரைக் கோடி, ஜெர்மனியைவிடக் கொஞ்சம் கூடுதல். மன்றத்தில் பெரும்பாலான முடிவுகளுக்கு 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் வேண்டும். சேர்ந்த நாளிலேயே துருக்கி மிகப் பெரிய வாக்குக்குச் சொந்தக்காரர் ஆகிவிடும். விவசாய மானியத்திலும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியிலும் பெரும் பங்கு அங்கே போகும். நாட்டில் எல்லாரும் கிறித்தவராக இருந்தாலும் பாரிஸும் பெர்லினும் இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்த்திருக்கும்.

"எழுதியது" பக்கத்தில் சைப்ரஸ்

இந்தப் பக்கம் நிரம்ப நேரமாகும். நிரம்பும்போது திரும்பத் திரும்ப ஒரே பெயர் வரும். சைப்ரஸ் இல்லாமல் இந்தப் பாடமே இல்லை, அதனால் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1960-இல் விடுதலை. 1974-இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் ஆதரவோடு நடந்த கவிழ்ப்பு, அதைத் தொடர்ந்து துருக்கிப் படையெடுப்பு, தீவு இரண்டானது. 1983-இல் வடபகுதி தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. துருக்கி மட்டும்தான் அதை ஏற்றது. இதுவரை வேகமாகப் போகலாம். 2004 ஏப்ரல் 24-க்கு வந்ததும் நிறுத்துங்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் வகுத்த இணைப்புத் திட்டத்தின் மீது அன்று இரண்டு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரியட்டுகளில் சுமார் 65 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். கிரேக்க சைப்ரியட்டுகளில் சுமார் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மே 1 அன்று கிரேக்கப் பகுதி அரசு உறுப்பினர் ஆனது. சேர்ந்து வாழச் சம்மதித்தவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களுடைய தனிமையை முடித்து வைப்போம் என்று ஒன்றியம் வாக்குக் கொடுத்தது. வடபகுதியோடு நேரடி வணிகத்துக்கான விதி இன்றுவரை நிறைவேறவில்லை.

என் கருத்தை இங்கே மறைக்காமல் சொல்கிறேன், வகுப்பிலும் சொல்வேன்: இது அநியாயம். மதத்தின் பெயரை யாரும் உச்சரிக்காமலே ஒரு முஸ்லிம் சமூகத்துக்கு இங்கே அநீதி நடந்தது. நடத்தியது மதமா என்றால், அதற்குச் சான்று காட்ட என்னால் முடியாது. உறுப்பினராகிவிட்டவருக்குக் கையெழுத்து உரிமை வந்துவிட்டது. வெளியே நிற்பவருக்கு இல்லை. அவ்வளவுதான் அதன் இயக்கம்.

பின்விளைவு வேகமாக வந்தது. சுங்க ஒன்றியத்தைப் புதிய உறுப்பினர்களுக்கும் நீட்டிப்பதாக 2005-இல் துருக்கி கையெழுத்திட்டது. ஆனால் சைப்ரஸ் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் திறக்கவில்லை. 2006 டிசம்பரில் ஒன்றியம் 8 அத்தியாயங்களை முடக்கியது. 2009-இல் சைப்ரஸ் தனியாக 6 அத்தியாயங்களைத் தடுத்தது. மொத்தம் 35 அத்தியாயங்களில் இதுவரை திறந்தவை 16. முடித்தது ஒன்றே ஒன்று, அறிவியல் ஆராய்ச்சி.

இப்போது பிள்ளைகளை எழுந்து வந்து சார்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மதம் முழுக்க ஒரு பக்கம், சைப்ரஸ் முழுக்க இன்னொரு பக்கம். மதத்தைப் பேசியவர்கள் யாரும் மதத்தை எழுதவில்லை. எழுதுவதற்குச் சைப்ரஸ் கிடைத்தது. மதம் விதிப்புத்தகத்தின் வழியாக நுழையவில்லை, வாக்குப்பெட்டி வழியாக நுழைந்து, தலைவர்களின் கணக்கில் உட்கார்ந்து, வேறு பெயரில் கையெழுத்துக்குப் போனது. நான் இந்தத் தலைப்பை எடுப்பதே இந்த ஒன்றைக் காட்டத்தான்.

அறை அமைதியாகிற நேரம்

இது எப்போது வேண்டுமானாலும் வரும், தயாராக இருங்கள். பழையபேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண், சார்ட்டில் ஜிஸ்கார் சீட்டு ஒட்டி முடித்ததும் எழுந்து கேட்டாள்: "டீச்சர், எங்க ஆளுங்க நிறைய இருக்கிற நாடுன்னுதானே வேண்டாங்கிறாங்க?" ஒருவரும் பேசவில்லை. பின் பெஞ்சில் ஒரு பையன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சமாதானம் சொல்லக் கூடாது. அது பொய், அவளுக்கும் தெரியும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நகர்வதும் கூடாது. கேள்வியை அவள் சொன்ன வார்த்தையிலேயே பலகையில் எழுதினேன். "வேண்டாம்னது யார், எந்த வருஷம், அவர் கையில் கையெழுத்து இருந்ததா?" என்று மூன்று துணைக் கேள்வி அதன் கீழே. எல்லாரும் சேர்ந்து சார்ட்டிலிருந்து பதில் எடுத்தார்கள். ஜிஸ்கார் சொன்னார், 2002, அவர் கையில் கையெழுத்து இல்லை. சர்கோசி, 2007, இருந்தது. ஹால்ஸ்டைன் வேண்டும் என்று சொன்னார், 1963. கிரீஸ் பல காலம் தடுத்தது. 1999-இல் இரண்டு நாட்டிலும் நிலநடுக்கம் வந்து, ஒருவருக்கொருவர் மீட்புப் படை அனுப்பிய பிறகு, ஹெல்சின்கியில் மனம் மாறியது. கேட்டவளே கடைசியில் "சில பேர் அதுக்காக, சில பேர் அதைச் சாக்கா வெச்சு" என்றாள். இதைவிட நல்ல பதிலை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

அவளைத் துருக்கிக்குப் பதில் சொல்ல நிறுத்தாதீர்கள். கிருஷ்ணகிரியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கும் அங்காராவில் ஆட்சி செய்கிறவருக்கும் கணக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. அதேபோல் யாராவது "அவங்க நாட்டுல இப்படித்தான்" என்று தொடங்கினால், எந்த நாடு, எந்த ஆண்டு, யார் என்று கேளுங்கள். கோபப்பட வேண்டாம், கேட்டால் போதும். பாதிப் பேர் வாக்கியத்தைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

மற்ற முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள்

மதம் மட்டுமே காரணம் என்றால் அல்பேனியாவுக்கு என்ன பதில்? அங்கே முஸ்லிம்களே பெரிய சமூகம். 2014-இல் வேட்பாளர் தகுதி, 2022 ஜூலையில் பேச்சு தொடக்கம். போஸ்னியாவில் 2013 கணக்கெடுப்பின்படி பாதிப் பேர் முஸ்லிம்கள். 2022 டிசம்பரில் வேட்பாளர், 2024 மார்ச்சில் பேச்சு தொடங்க ஒப்புதல். கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்தது. அதை நாடாகவே ஏற்காத உறுப்பினர்கள் ஐந்து பேர்: ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ். ஸ்பெயினின் பயம் தன்னிடமிருந்து பிரியக் கேட்கும் கட்டலோனியா, இஸ்லாம் இல்லை. எதிர்வாதத்தையும் பிள்ளைகளே எடுத்து வரட்டும்: இவை மூன்றும் சின்ன நாடுகள், மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கோடி ஆள் தேறாது. துருக்கியின் அளவும் மதமும் சேர்ந்துதான் பயம் வருகிறதா? இது உண்மையான கேள்வி. இதற்கு ஒரே விடை எழுதித் தராதீர்கள்.

துருக்கி தரப்பில் நடந்தது

இதை விட்டுவிட்டால் பாடம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். 2001 முதல் 2004 வரை துருக்கி செய்த மாற்றங்கள் சாதாரணமானவை இல்லை. மரண தண்டனையை ஒழித்தார்கள். குர்திஷ் மொழியில் ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். 2004 செப்டம்பரில் கள்ள உறவைக் குற்றமாக்க ஆளுங்கட்சி முயன்றபோது, ஒன்றியம் எச்சரித்ததும் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். கதவு திறக்கும் என்ற நம்பிக்கை இருந்தபோது சட்டம் நல்ல திசையில் போனது. முந்தைய கூட்டணி அரசு தொடங்கிய இந்த வேலையை, 2002 நவம்பர் தேர்தலில் ஜெயித்த, மதப் பின்னணியிலிருந்து வந்த கட்சியே தொடர்ந்து செய்தது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ராணுவத்தின் பிடியைக் குறைக்க ஒன்றியத்தின் விதிகள் அந்தக் கட்சிக்கும் கை கொடுத்தன.

அடுத்த ஆண்டே, 2005-இல், எழுத்தாளர் ஓரான் பாமுக் மீது துருக்கியை இழிவுபடுத்தியதாக வழக்கு வந்தது. 2007 ஜனவரியில் ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ரான்ட் டிங்க் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016 ஜூலையில் தோல்வியடைந்த ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு நெருக்கடி நிலை, பெரிய அளவில் கைது, பணிநீக்கம். 2017-இல் வாக்கெடுப்பு வைத்து அதிபர் ஆட்சி முறைக்கு மாறினார்கள். 2018 ஜூனில் பேச்சு முடங்கிவிட்டது என்று மன்றம் எழுதியே வைத்தது. சிறையிலிருந்த சமூகச் செயற்பாட்டாளர் ஓஸ்மான் கவாலாவை விடுவிக்கும்படி 2019-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லியும், 2022-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். இவை எல்லாம் "எழுதியது" பக்கத்துக்குப் போகும் நியாயமான காரணங்கள். வாக்குக் கொடுத்துவிட்டுக் கதவை ஒன்றியம் சாத்தியது ஒரு தவறு என்றால், அந்தச் சாக்கில் சொந்த மக்களின் உரிமையை அரசு பறித்தது இன்னொரு தவறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை மூட விடாதீர்கள்.

சுங்க ஒன்றியத்தைச் சொல்லித்தர நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். மாங்கூழ் ஏற்றுமதியில் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருப்பார். தீர்வை ஏறினால், தர விதி மாறினால் ஆலையில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். துருக்கி 1996 முதல் ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழில் பொருளுக்கு ஒன்றியம் வைக்கும் அதே தீர்வையைத் துருக்கியும் வைக்க வேண்டும். ஒன்றியம் வேறொரு நாட்டோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டால், அந்த நாட்டுச் சரக்குக்குத் துருக்கிச் சந்தையும் திறந்துவிடும். தன் சரக்குக்கு அங்கே அதே சலுகை வேண்டுமானால் துருக்கி தனியாகப் போய்ப் பேச வேண்டும். விதிக்குக் கட்டுப்பட வேண்டும், விதி எழுதும் இடத்தில் வாக்கு கிடையாது. உறுப்பினர் ஆவது ஏன் பெரிய விஷயம் என்பது இங்கேதான் உறைக்கும்.

நேரம் இருந்தால் தெற்காசிய நாடுகளின் சார்க்கையும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியானையும் தொடலாம். சார்க்கில் ஆப்கானிஸ்தான் 2007-இல் எட்டாவது உறுப்பினரானது. எட்டில் நான்கு முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். அங்கே சேர்ப்பதில் மதம் தடையாக இல்லை. ஆனால் 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை. ஆசியானில் இந்தோனேசியா 1967-இலேயே நிறுவன உறுப்பினர். ஐரோப்பிய ஒன்றியம்போல் இவை உறுப்பினர் சட்டத்துக்குள் கை வைப்பதில்லை, பொது நாடாளுமன்றம் இல்லை. அதனால் சேர்ப்பதும் எளிது, சேர்ந்து எதையும் செய்வது கடினம்.

எழுத்து வேலை

கடைசி அரை மணி நேரம் பேச்சை நிறுத்திவிட்டு எழுத வையுங்கள். மாம்பழ சீசனில் பாதிப் பேர் மண்டி வேலைக்குப் போய்விடுவார்கள், அந்த மாதங்களில் இதை எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் போதும். திருத்தும்போது நான் பார்ப்பது மூன்று: ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆளும் ஆண்டும் இருக்கிறதா, தன் கருத்துக்கு எதிரான ஒரு சான்றையாவது எழுதியிருக்கிறாரா, பேசியதையும் எழுதியதையும் கலக்காமல் வைத்திருக்கிறாரா. சேர்க்கலாம் என்று எழுதினாலும் வேண்டாம் என்று எழுதினாலும் மார்க் ஒன்றுதான்.

வீட்டுக்குக் கொடுக்க இந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன். உக்ரைன் 2022 பிப்ரவரி 28 அன்று விண்ணப்பித்தது, ஜூன் 23 அன்று வேட்பாளர் ஆனது. துருக்கிக்கு அதே தகுதி கிடைக்க 1987-இலிருந்து 1999 வரை ஆனது. இந்த வித்தியாசத்தில் போருக்கு எவ்வளவு பங்கு, மதத்துக்கு எவ்வளவு, அந்தந்தக் காலத்து ரஷ்யாவுக்கு எவ்வளவு? இரண்டு சீட்டு முறையிலேயே, ஆண்டு போட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி வரச் சொல்லுங்கள்.